வெறும் வயித்துல

குளுக்கோஸ் தண்ணியக் குடிச்சு முடிச்சப்போ சுவத்துக் கடிகாரத்துல மணி எட்டு பத்து. சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுக்கணும், அதுவரைக்கும் பச்சத் தண்ணி தவிர வாயில ஒண்ணும் படக்கூடாது, ஓடக்கூடாது, இந்தப் பெஞ்சுலயே உக்காந்திருக்கணும்னு லேப்புல ரத்தம் எடுக்குற ஜெபராணி சொல்லிட்டு உள்ள போயிட்டா. செண்பகவல்லி தலையத் தலைய ஆட்டினா. ஆட்டும்போதே நெஞ்சுக்குள்ள ஒண்ணு கெடந்து குத்துது. ஏன்னா முதல் ஊசி குத்துறதுக்கு முன்னாடி ஜெபராணி கேட்டா, "அக்கா, பாப்பா நேத்து ராத்திரி சாப்பிட்டதோட சரிதான? காலைல எதும் குடிக்கலல்ல?"ன்னு. இவ கண்ணு இமைக்காம, "இல்லம்மா, வெறும் வயிறுதான்"ன்னா. பக்கத்துல கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருந்த மக தர்ஷிகா அப்ப ஒரு தடவை அம்மா மொகத்தை நிமிந்து பாத்தா. பாத்துட்டு ஊசியப் பாக்க ஆரம்பிச்சுட்டா. பதினோரு வயசுப் புள்ள, ஆறாம் கிளாஸு, அம்மாவக் காட்டிக் குடுக்கல. அதுதான் செண்பகவல்லிக்குப் பொய்ய விடப் பெருசா உறுத்துச்சு. ஏன்னா காலைல ஆறரை மணிக்கு, பெரிய எவர்சில்வர் டம்ளர் நெறைய, சத்துப் பவுடர் ரெண்டு கரண்டி, சீனி ஒரு கரண்டி போட்டு, நொரை பொங்க ஆத்தி, பாலை இவ கையாலதான் மக கையில குடுத்தா. குடுத்துட்டு உள்ள போயி ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடி எடுத்துட்டு வந்து பாத்தா டம்ளர் காலி, அடியில கொஞ்சம் நொரை. முட்டை ஒண்ணு அவிச்சிருந்தா. அதை மட்டும் மூடி வச்சுட்டுக் கெளம்பிட்டா. முட்டையக் குடுக்காம வந்ததுக்கே, தான் என்னமோ டாக்டர் சொன்ன பேச்சைத் தட்டாம கேட்டுட்ட மாதிரி பஸ்ஸுல வரும்போது ஒரு திருப்தி வேற.

அப்படி என்ன குடுத்தே ஆகணும்னு கேட்டா, அவளுக்கே பதில் சொல்லத் தெரியாது. தெரியும், சொல்ல வராது. டாக்டர் நித்திலா போன வாரம் தெளிவாத்தான் சொன்னாங்க. சின்ன வயசு டாக்டர், கோவில்பட்டிக்கு வந்து ரெண்டு வருசம்தான் ஆகுது, கோவப்படவே தெரியாது அவங்களுக்கு. எடை பாக்குற மெசின்ல அறுபத்து ரெண்டுன்னு காட்டுச்சு. செண்பகவல்லி உடனே, "செருப்போட நிக்கா டாக்டர்"ன்னா. செருப்பைக் கழட்டியும் அறுபத்து ரெண்டுதான். அப்புறம் டாக்டர் எந்திரிச்சு வந்து, மக பின்னலைத் தூக்கிக் கழுத்தைப் பாத்தாங்க. அங்க பிடரியச் சுத்தி வளையம் போட்ட மாதிரி கறுப்பு. செண்பகவல்லிக்கு மானமே போயிருச்சு. முந்திக்கிட்டு, "அழுக்கு இல்ல டாக்டர், வாரா வாரம் தேச்சுத்தான் விடுதேன், போக மாட்டேங்குது"ன்னா. நெசம்தான், தேய்ப்பா. கழுகுமலையில இருக்குற அவ மதினி வீட்டுக் கொல்லையில பீர்க்கங்கொடி முத்திக் காய்ஞ்சு கெடக்கும். அந்த மதினி ஒரு கஞ்சப் பெறவி, காயா இருக்கும்போது ஒண்ணு தர மாட்டா, நாரானதும் பை நெறைய அள்ளிக் குடுத்து விடுவா, என்னமோ தங்கத்தைக் குடுத்த மாதிரி நாலு பேருட்ட சொல்லவும் செய்வா. அது கெடக்கட்டும். அந்த நாரை வெந்நியில ஊறப் போட்டு, பயத்தமாவு தொட்டு, ஞாயித்துக்கெழமை தவறாம மகளைக் குளியல் ரூம்புல குனிய வச்சுத் தேய்ப்பா செண்பகவல்லி. புள்ள குழாயை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "எரியுதும்மா, எரியுதும்மா"ம்பா. "எரியட்டும், ஊர்ல எல்லாரும் புள்ளைய குளிப்பாட்டாம வளக்காள்னு என்னைத்தான சொல்லுவாக"ன்னுட்டு இவ இன்னும் ரெண்டு இழுப்பு அழுத்தி இழுப்பா. தோலு செவந்து சின்னச் சின்னதா ரத்தப் புள்ளி வரும். கறுப்பு மட்டும் அப்படியே இருக்கும். டாக்டர் அந்த எடத்தை விரலால மெதுவாத் தொட்டுப் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "இது அழுக்கில்லம்மா. உள்ள இருந்து வர்றது. உடம்புல கொழுப்பு கூடக் கூட, சர்க்கரையக் கட்டுப்படுத்துற இன்சுலின் சரியா வேலை செய்யாது. உடம்பு இன்னும் இன்னும்னு சுரந்து தள்ளும். அந்த மிச்சம்தான் தோல்ல இப்படித் தெரியுது. இனிமே தேய்க்காதீங்க." இனிமே தேய்க்காதீங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, திட்டவே இல்ல. திட்டியிருந்தா பரவாயில்ல. எத்தன ஞாயித்துக்கெழமை. ரெண்டு வருசம்னா நூறு வருமா. நூறு தடவை அந்தப் புள்ள குழாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கு.

"அம்மா, வயிறு ஒரு மாதிரி பொரட்டுது"ன்னா தர்ஷிகா. எலுமிச்சம்பழம் பிழிஞ்சுதான் குடுத்தாங்க குளுக்கோஸை, ஆனாலும் அத்தனை இனிப்பை ஒரே மூச்சுல குடிச்சா யாருக்குத்தான் பொரட்டாது. செண்பகவல்லி முதுகைத் தடவிக் குடுத்தா. கைக்கு அடங்காத முதுகு, யூனிஃபார்ம் சட்டை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அந்தச் சட்டையத் தைக்கக் குடுக்கும்போது டெய்லர், "அம்மாவுக்கா, பொண்ணுக்கா?"ன்னு கேட்டான், கேட்டுட்டு அவனே சிரிச்சான். பக்கத்துல புள்ள நின்னுக்கிட்டிருந்துச்சு. அப்பவும் அது ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லாத புள்ள இது. ஸ்கூல்ல 'சிலிண்டர்'னு கூப்புடுதாங்கன்னுகூட இவளுக்கு எப்படித் தெரியும்னா, எதிர் வீட்டுச் சின்னது வாசல்ல நின்னு, "சிலிண்டர் அக்கா வீட்டுல இருக்காளா?"ன்னு வெள்ளந்தியாக் கேட்டுச்சு. அது பட்டப்பேருன்னே அந்தக் குழந்தைக்குத் தெரியல, நெசப் பேருன்னு நெனச்சிருக்கு. அன்னைக்கு செண்பகவல்லி மகளுக்கு முட்டை பரோட்டா போட்டுக் குடுத்தா. மனசு சங்கடப்பட்டா அவளுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அடுப்புதான். பரீட்சையில மார்க் கொறஞ்சா கேசரி. பி.டி. டீச்சர் ரிலே ரேஸ்ல இருந்து எடுத்துட்டாங்கன்னு வந்து நின்னா பஜ்ஜி. புள்ள தின்னுச்சா, மனசு ஆறிருச்சுன்னு அர்த்தம். மில்லுல ஷிஃப்டு பாக்குற அப்பா பரமசிவன் ஒரு நாள், "ஏ செண்பகம், போதும்டி, மூச்சு வாங்குதா பாரு, படுத்தா ஆம்பள மாதிரி கொறட்டை விடுதா"ன்னு சொன்னாரு. அவ்வளவுதான், ரெண்டு நாளு அவர்ட்ட இவ பேசல. புள்ளைக்கு சோத்தை அளந்து போடச் சொல்ற மனுசன் ஒரு மனுசனான்னு. எதுக்கு அப்படிக் கோவம் வந்துச்சுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சதனாலதான் திரும்ப வாயத் தொறக்கல.

மணி எட்டு அம்பது. ஆறரைக்குக் குடிச்ச பாலு இந்நேரம் ரத்தத்துல எங்க ஓடிக்கிட்டிருக்கும்? செண்பகவல்லி மனசுக்குள்ள அது வெள்ளையாவே ஓடுற மாதிரி, ஜெபராணி ஊசியில இழுத்தா செவப்புக்கு நடுவுல வெள்ளைக் கோடாத் தெரியுற மாதிரி, ஒரு பயம். டாக்டர் சொன்னது ஒண்ணொண்ணா வந்து முட்டுது. "ரெண்டு நம்பர் வேணும்மா. வெறும் வயித்துல ஒண்ணு, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. அதை வச்சுத்தான் மாத்திரை ஆரம்பிக்கணுமா, இல்ல சாப்பாட்டை மாத்தி, தெனம் ஒரு மணி நேரம் ஓடி வெளையாண்டாலே போதுமான்னு முடிவு பண்ணுவேன். இது அவளுக்கு மட்டும் பத்தியம் இல்ல, வீட்டுல எல்லாரும் அதே சாப்பாடு. தனியாத் தட்டு வைக்காதீங்க, குண்டுன்னு சொல்லாதீங்க. வளர்ற புள்ள, எடை ஏறாம நிறுத்தினாலே ஒசரம் கூடி சரியாயிரும்." அப்போ அந்த நம்பர் பொய்யாப் போனா? பாலோட சேந்து முதல் நம்பர் ஏறிப் போயி, புள்ளைக்கு சுகர்னு எழுதிட்டா? இல்லாத நோய்க்கு மாத்திரை. அந்தத் தெருவுல சுகர் மாத்திரை திங்காத வீடு இல்ல, ஆனா அவங்கல்லாம் அறுவது வயசு. பதினோரு வயசுல ஆரம்பிச்சா எப்ப முடிக்கிறது. பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு டப்பாவை எங்க ஒளிக்கிறது. செண்பகவல்லி எந்திரிச்சா. லேப்பு ஜன்னலுக்குப் போயி ஜெபராணிட்ட சொல்லிறலாம். சொன்னா என்ன ஆகும், ஜெபராணி கத்துவா, நாளைக்கு வாங்கம்பா, டாக்டர்ட்ட சொல்லுவா. டாக்டர் திட்ட மாட்டாங்க. அந்தக் கழுத்தைத் தொட்ட மாதிரி மெதுவாப் பாப்பாங்க. செண்பகவல்லி உக்காந்துட்டா.

பெஞ்சுல அந்தப் பக்கம் எட்டயபுரத்துல இருந்து வந்த ஒரு அம்மா, மருமகளை ஸ்கேனுக்கு உள்ள அனுப்பிட்டுக் காத்துக்கிட்டிருந்துச்சு. தர்ஷிகாவை மேலயும் கீழயும் பாத்துட்டு, "யாத்தே, புள்ள என்னமா கொழுகொழுன்னு இருக்கா. கண்ணு படப் போகுது. என் பேத்தியும் இருக்காளே, ஈர்க்குச்சி. நீ என்னம்மா குடுக்குத?"ன்னுச்சு. இந்தக் கேள்விக்குப் பத்து வருசமா செண்பகவல்லி பெருமையா பதில் சொல்லிக்கிட்டிருந்தா. நெய்ச்சோறு, தாயி. ரெண்டு முட்டை, தாயி. இன்னைக்கு மக சட்டையக் கீழ இழுத்து விட்டுக்கிட்டு இருந்தா. அந்த அம்மா சும்மா இருக்கணுமே, பையத் தொறந்து கடலை மிட்டாய் ஒண்ணை உரிச்சு புள்ள கைக்கு நேரா நீட்டி, "தின்னு தாயி, வாடிப் போயி கெடக்கியே"ன்னுச்சு. "இல்ல ஆச்சி, ரத்தம் எடுக்கணும், திங்கக் கூடாது"ன்னா தர்ஷிகா. "ஒரு மிட்டாய்ல என்ன வந்துரும்? ஏம்மா, பெத்தவ நீ பாத்துக்கிட்டிருக்க, புள்ளைய இப்படி வெறும் வயித்தோடயா கூட்டிட்டு வருவ?" அவ்வளவுதான். அந்த வார்த்தை வந்து விழுந்ததும் செண்பகவல்லிக்குக் காது ரெண்டும் அடைச்சுக்கிச்சு.

தர்ஷிகாவுக்கு முன்னாடி ஒருத்தன். ஆதவன்னு பேரு. பொறக்கும்போதே ஒண்ணே முக்கா கிலோ, கோழிக்குஞ்சு கணக்கா. அவன் குடிக்க மாட்டான். மாரைக் குடுத்தா மொகத்தைத் திருப்பிக்குவான், கரண்டியில குடுத்தா கடவாய் வழியா விட்டுருவான். வந்து பாக்குறவுக எல்லாம் ஒரே வார்த்தை, தாய்க்குப் பால் பத்தலையோ. பூண்டைத் தின்னா, சுறாப் புட்டுத் தின்னா, பப்பாளிக்காயைக் கூட்டு வச்சுத் தின்னா. பாலு சட்டையெல்லாம் நனையும், அவன் குடிக்க மாட்டான், அதை யாருட்டப் போயி சொல்றது. சட்டையப் பிழிஞ்சா காட்ட முடியும்? ஒம்பதாம் மாசம் நெஞ்சுல சளி கட்டிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டப்போ, எறைக்குது, வாந்தி எடுத்தா மூச்சுல போயிரும், ஒண்ணும் குடுக்காம வெறும் வயித்துல கொண்டு வாங்கன்னாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க, இன்னைக்கு யோசிச்சா தெரியுது. ஆட்டோவுல போகும்போது, பொறந்ததுல இருந்து ஒரு நாளும் கேக்காத புள்ள, அன்னைக்கு வாயை வாயைத் தொறந்து சேலையத் தேடுச்சு. மாருல மூக்கை வச்சு முட்டுச்சு. செண்பகவல்லி குடுக்கல. குடுக்காம சேலையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. புதுரோட்டுல ரயில்வே கேட்டு போட்டிருந்தான், கூட்ஸ் வண்டி, எத்தனை பெட்டி, முடியவே இல்ல. கேட்டு தொறக்கும்போது அவன் முட்டுறதை நிறுத்தியிருந்தான். பசியில செத்தானா சளியில செத்தானான்னு டாக்டருங்க தெளிவா எழுதித்தான் குடுத்தாங்க, காயிதத்துல இருக்கு. மாருக்குக் காயிதம் படிக்கத் தெரியலையே. அதுக்கப்புறம் நாலு நாளு பாலு சொட்டிக்கிட்டே இருந்துச்சு. அந்த மாசம் எடுத்த சபதம்னு சொல்ல முடியாது, வாய் விட்டு யாருட்டயும் சொல்லல. ஆனா இந்தப் புள்ள பொறந்ததுல இருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், வெறும் வயித்தோட வாசப்படி தாண்டினது கெடையாது. அப்புறம் எப்படி இன்னைக்கு, அதுவும் ஆஸ்பத்திரிக்கு, அதே வார்த்தையச் சொல்லிக் கூப்பிட்டா, அவ கை எப்படி சும்மா இருக்கும்? அடுப்பு பத்தினது அவளுக்குத் தெரியும், பாலு பொங்கினது தெரியும், குடுத்த கை மட்டும் தன் கையா வேற யாரு கையான்னு இப்பவும் தெரியல.

மணி ஒம்பதே முக்கா. எட்டயபுரத்து அம்மா மருமகளைக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. தர்ஷிகா அம்மா தோள்ல தலைய சாய்ச்சுக் கண்ண மூடியிருந்தா. கனம். நல்ல கனம். இந்தக் கனத்தைத்தான் இவ பதினோரு வருசமா கும்பிட்டுக்கிட்டு இருந்தா. தூக்கும்போது கை வலிக்கணும், வலிச்சாத்தான் புள்ள இருக்குன்னு அர்த்தம். ஒரு வயசுலயே சுத்து வட்டாரத்துல இவ புள்ள மாதிரி கைகால் மடிப்பு யாருக்கும் கெடையாது. ஸ்டுடியோக்காரன் படத்தைப் பெருசாக்கிக் கடை வாசல்ல வச்சான். இப்போ அந்தக் கனம் தோள்ல அழுத்த அழுத்த, உள்ள என்னென்ன நடக்குதோன்னு பயமா இருக்கு. ஈரல்ல கொழுப்பு படியலாம்னு டாக்டர் சொன்னாங்க. முட்டி வலிக்குதாடான்னு கேட்டதுக்குப் புள்ள ஆமான்னுச்சு, அதுவரைக்கும் அது இவளுக்கே தெரியாது. தன் கையாலயே, ஒரு உருண்டை, இன்னொரு உருண்டை, இதுதான் கடைசி, இது காக்காய்க்கு, இது நெலாவுக்குன்னு ஊட்டி ஊட்டி. ஒருத்தனுக்குக் குடுக்காதது எல்லாத்தையும் இவளுக்குக் குடுத்திருக்கு. ரெண்டு புள்ள சாப்பாட்டை ஒரு வயிறு சுமந்திருக்கு. இல்ல, அப்படி இல்ல. ஸ்கூல் விட்டா டியூசன், டியூசன் விட்டா செல்போன், தெருவுல வெளையாட எடம் ஏது, எல்லாந்தான். டாக்டரே சொன்னாங்க, யார் மேலயும் குத்தம் இல்லன்னு. ஆனா பாலு? ஆறரை மணிப் பாலு யார் குத்தம்?

"தர்ஷிகா, வாங்க"ன்னு ஜெபராணி குரல் வந்துச்சு. பத்து பத்து. புள்ள எந்திரிச்சுப் போயி நாற்காலியில உக்காந்து, சொல்லாமலே கையை நீட்டிருச்சு. ஜெபராணி ரப்பரைக் கட்டி, நரம்பு தெரியாம விரலால தட்டித் தட்டித் தேடினா. "பாப்பாவுக்கு நரம்பு ஆழத்துல இருக்கு"ன்னு சிரிச்சா. செண்பகவல்லி வாசல்ல நிலையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. சொல்லாம இருந்தா பத்து நிமிசத்துல வீட்டுக்குப் போயிறலாம். சொல்லாம இருந்தா அந்த நம்பர் புள்ள கூடவே வரும், எத்தன வருசத்துக்கோ. "ஏம்மா, ஒரு நிமிசம் ஊசியக் குத்தாத"ன்னா. குரல் அவளுக்கே வேத்தாள் குரல் மாதிரி கேட்டுச்சு. "நான் காலைல பொய் சொல்லிட்டேன். ஆறரைக்குப் புள்ளைக்குப் பால் குடுத்தேன். ஒரு டம்ளர். சீனி போட்டு." ஜெபராணி ஊசியக் கீழ வச்சா. "என்னக்கா நீங்க! அப்பவே கேட்டேன்ல? சொல்லியிருந்தா நாளைக்கு வரச் சொல்லியிருப்பேன்ல? இப்ப ரெண்டு டெஸ்டும் வீணு, புள்ளைக்குத் தேவையில்லாம ஒரு குத்து. படிச்சவங்கதான நீங்க?" செண்பகவல்லி, "தப்புத்தான்மா"ன்னா.

"வீணு இல்லக்கா"ன்னா தர்ஷிகா. தலைய நிமித்தல. "நான் அதைக் குடிக்கல."

"என்னடி சொல்லுத? டம்ளர் காலியா இருந்துச்சே."

"வாஷ் பேசின்ல ஊத்திட்டேன். நீ ஃபைல் எடுக்கப் போனப்ப."

ஜெபராணி ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. "நெசமா பாப்பா? ஒரு வாய்கூட குடிக்கலையா? பயந்துக்கிட்டு சொல்லக் கூடாது."

"குடிக்கலக்கா. தெனமும் ஊத்திருவேன்."

தெனமும். செண்பகவல்லி நிலைய விட்டுட்டு உள்ள வந்தா. "எத்தன நாளா?" புள்ள தரையப் பாத்துச்சு. "அஞ்சாம் கிளாஸ் லீவுல இருந்து." "அப்ப மத்தியானம் டிபன் பாக்ஸ் கழுவின மாதிரி வருதே?" "அது காவ்யாவும் சஹானாவும் சாப்பிட்டுருவாங்க. நான் தண்ணி குடிச்சுக்குவேன்." "அப்புறம் ஏன்டி..." கேள்விய செண்பகவல்லியால முடிக்க முடியல. முடிக்காத கேள்விக்கும் புள்ள பதில் சொல்லுச்சு. "சாயங்காலம் வரும்போது தாங்க முடியாதும்மா. கை நடுங்கும். அப்ப நீ பஜ்ஜி வச்சிருப்ப. நிறுத்தவே முடியாது. எல்லாத்தையும் தின்னுட்டு, நாளைக்கு இன்னும் கொஞ்சம் கொறைச்சுக்கலாம்னு நெனைப்பேன்." எந்தக் குறையும் சொல்ற மாதிரி இல்ல. வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லுச்சு.

ஜெபராணி நரம்பைக் கண்டுபிடிச்சு, ரத்தத்தை எடுத்து, பஞ்சை வச்சு அழுத்திப் பிடிக்கச் சொன்னா. அப்புறம் செண்பகவல்லி பக்கம் திரும்பி, மெதுவா, "இதையும் டாக்டர் மேடம்ட்ட சொல்லிருங்கக்கா. நம்பரை விட இது முக்கியம்"ன்னா. கண்ணாடிக் குழாயில ரத்தம் செவப்பாத்தான் இருந்துச்சு, வெள்ளைக் கோடெல்லாம் ஒண்ணும் இல்ல. செண்பகவல்லி அதைப் பாத்துக்கிட்டே நின்னா. ஒரு வருசமா, இவ கண்ணு முன்னாடி, இவ அடுப்படியில இருந்து நாலு எட்டு தூரத்துல, ஒரு புள்ள பட்டினி கெடந்திருக்கு. காலைலயும் மத்தியானமும். வெறும் வயித்தோட வாசப்படி தாண்டி, வெறும் வயித்தோட பஸ் ஏறி. இவ கையசைச்சு அனுப்பியிருக்கா.

வராண்டாவுக்கு வந்ததும் செண்பகவல்லி பையத் தொறந்தா. ரத்தம் எடுத்ததும் குடுக்கணும்னு அஞ்சு இட்லி, எண்ணெய் ஊத்தின பொடியோட எடுத்துட்டு வந்திருந்தா. டப்பா மூடி வரைக்கும் கை போயி அங்கயே நின்னுருச்சு. பதினோரு வருசத்துல இந்தக் கேள்விய இவ மகட்ட கேட்டதே இல்ல. கேக்குறதுக்கு முன்னாடி தட்டு வந்துரும். கேள்வியே நாக்குக்குப் பழக்கம் இல்ல, பாஷை தெரியாத ஊர்ல வழி கேக்குற மாதிரி இருந்துச்சு.

"பசிக்குதா, தாயி?"

தர்ஷிகா பஞ்சை அழுத்தின கையை எடுக்காம நின்னா. அம்மா கண்ணைப் பாத்தா, டப்பாவைப் பாத்தா, மறுபடி கண்ணைப் பாத்தா. பசிக்குதான்னு தன் வயித்தைக் கேக்கல அந்தப் புள்ள. எந்தப் பதிலைச் சொன்னா அம்மா அழாம இருப்பான்னு, அவ மொகத்துலதான் தேடிக்கிட்டு இருந்துச்சு.